‘பரவாயில்லைங்க’ன்னு சொன்னா எந்தக் கட்டத்துல டிக் போடுறது?

வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பார்வை, காது, நடை, பேச்சு, புரிதல் இதில் ஏதாவது குறை இருக்கிறதா என்று பெற்றோரிடமே கேட்டுக் கண்டுபிடிப்பது வெளியிலிருந்து பார்க்கச் சுலபமான வேலை. பத்து இருபது கேள்வி, டிக், கையெழுத்து, அடுத்த வீடு. கேள்வித்தாள்களும் நல்ல தாள்கள்தான். பல நாடுகளில் சோதித்துப் பார்த்தவை. அந்தத் தாளிலிருந்து அம்மாவின் காதுக்குப் போய், அவர் வாயிலிருந்து மறுபடி தாளுக்கு வருகிற வழியில்தான் எல்லாம் கெடுகிறது. சென்னையில் இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்கள், குறிப்பாக முதல் முறை போகிறவர்கள், கீழே உள்ளதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நல்லது.

முதலில் வயது. “எத்தனை வயசும்மா?” என்று கேட்டால் “மூணு நடக்குது” என்று பதில் வரும். அதற்கு அர்த்தம் இரண்டு முடிந்து மூன்றாவது ஓடுகிறது என்பது. அவசரத்தில் 3 என்று எழுதினால், 25 மாதப் பிள்ளையை 36 மாதப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ‘பேச்சுத் தாமதம்’ என்று அனுப்பிவிடுவீர்கள். பேச்சில் இந்த 11 மாதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வயதைக் கேட்காதீர்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ வாங்கிப் பார்த்து, முடிந்த மாதங்களாகக் கணக்கிட்டு எழுதுங்கள். அட்டை மழையில் போய்விட்டது என்றால், ஊரே நினைவில் வைத்திருக்கிற நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். “மிக்ஜாம் புயல் வந்தப்ப வயித்துல இருந்தானா, கையில இருந்தானா?” என்றால் 2023 டிசம்பருக்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். அங்கிருந்து தீபாவளி, ஆடி, பொங்கல் என்று நெருங்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு கழித்தல் உண்டு. 32 வாரத்தில் பிறந்தது என்றால் 40-லிருந்து 8 வாரம் குறைவு. அதற்கு இன்று 10 மாதம் என்றால், வளர்ச்சியை 8 மாதப் பிள்ளையின் அளவில் பார்க்க வேண்டும். ஏ.எஸ்.க்யூ. என்ற கேள்வித்தாளில் 3 வாரமோ அதற்கு மேலோ முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு 2 வயது வரை இப்படித் திருத்தச் சொல்லியிருக்கிறது. ‘எட்டு மாசத்துல பொறந்தான்’ என்ற வாய்ச்சொல்லை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். எட்டு முடிந்தா, எட்டாவது நடக்கும்போதா என்பது அதில் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வாரக் கணக்கு இருக்கும்.

எந்தத் தாளை எடுப்பது? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பத்துக் கேள்விகள்’ 2 முதல் 9 வயது வரைக்கானது. 1980-களில் உருவாகி, வங்கதேசம், ஜமைக்கா, பாகிஸ்தான் மூன்றிலும் வீடுவீடாகச் சோதிக்கப்பட்டது. பத்தில் ஒன்றில் பிரச்சினை தெரிந்தாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். யுனிசெஃபும், குறைபாட்டுப் புள்ளிவிவரத்துக்கான ஐ.நா.வின் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ‘சைல்ட் ஃபங்ஷனிங் மாட்யூல்’ 2–4 வயதுக்கு 16 கேள்வி: பார்வை, காது கேட்பது, நடை, விரல் வேலை, பேச்சுப் புரிதல், கற்றல், விளையாட்டு, நடத்தை. இது எத்தனை பேர் என்று எண்ணுவதற்கான கருவி. ஒரு தனிப் பிள்ளைக்கு என்ன நோய் என்று இது சொல்லாது. 2 வயதுக்குக் கீழே இதைத் தொடவே கூடாது. ஆட்டிசத்துக்கு 16 முதல் 30 மாதத்துக்குள் எம்-சாட், 20 கேள்வி. கைக்குழந்தைகளுக்குத் திருவனந்தபுரத்தில் உருவான டி.டி.எஸ்.சி. என்ற வளர்ச்சி அட்டை கைக்கு அடக்கம். 2 வயது வரைக்கும் 17 வரிதான். ஒரே கணக்கெடுப்பில் இதையெல்லாம் கலக்க வேண்டாம். வயதுக்கு ஒரு தாள் போதும்.

இனி கேள்வி கேட்பது. இதில்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்மறையாகக் கேட்காதீர்கள். “சரியா பேசறதில்லையா?” என்று கேட்டால் அம்மா “ஆமா” என்பார். ‘ஆமாம், பேசுவதில்லை’ என்று ஒரு அம்மா சொல்லியிருப்பார். ‘ஆமா, அதெல்லாம் நல்லா பேசுவான்’ என்று பாதியில் நிறுத்தியவர் இன்னொருவர். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ஆமா’தான். நேராகக் கேளுங்கள், பதிலைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: “அப்போ, பேசறான்னு எழுதிக்கவா?”

அடுத்து, தாளில் உள்ள ‘ஆம்’ கட்டமெல்லாம் ஒரே அர்த்தம் கொண்டதல்ல. பத்துக் கேள்விகளில் “பார்வையில் சிரமம் உண்டா” என்பதற்கு ‘ஆம்’ என்றால் பிரச்சினை. “சொன்னால் புரிந்துகொள்கிறதா” என்பதற்கு ‘இல்லை’ என்றால்தான் பிரச்சினை. எம்-சாட்டில் 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகள் மட்டும் தலைகீழ். காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம் வந்ததுண்டா, கண்ணுக்குப் பக்கத்தில் விரல்களை விசித்திரமாக ஆட்டுகிறதா, அன்றாடச் சத்தங்களுக்கே கலங்குகிறதா. இந்த மூன்றில் ‘ஆம்’ வந்தால் ஒரு புள்ளி. மற்ற 17-இல் ‘இல்லை’ வந்தால் ஒரு புள்ளி. 2 வரை பயமில்லை. 3 முதல் 7 வரை என்றால், தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து இரண்டாம் கட்டமாக விவரமாகக் கேட்க வேண்டும். அதன் பிறகும் 2 தங்கினால் அனுப்ப வேண்டும். 8-ஓ அதற்கு மேலோ என்றால் நேராக மருத்துவரிடம். இந்தக் கணக்குக்குள் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டுகிற அம்மாவின் தாளில் மொத்தம் சரியாக 3 வரும். வீட்டில் உட்கார்ந்தே எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ டிக் அடித்த களப்பணியாளரின் தாளிலும் அதே 3 வரும். ஒருவர் கொண்டுவந்த தாள்களில் 3, 3, 3 என்று வந்து, புள்ளி விழுந்த இடமும் 2, 5, 12 என்றே இருந்தால், அவர் போன வீடுகளுக்கு இன்னொருவரை அனுப்புங்கள்.

சொற்கள். ‘வலிப்பு உண்டா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். வலிப்பு என்றால் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கிற காட்சிதான் அவர்கள் மனதில் ஓடும். ‘இழுப்பு வருமா?’ என்று மாற்றினால் “அய்யோ, மழை வந்தாலே வரும்” என்பார்கள், அது வீசிங். இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள்: “கை கால் வெட்டி வெட்டி இழுத்து, கண்ணு மேல சொருகி, கூப்பிட்டா தெரியாம இருந்திருக்கானா? அப்போ காய்ச்சல் இருந்ததா? எத்தனை தடவை?” காய்ச்சலோடு ஒரு தரம் வந்ததும், காய்ச்சலே இல்லாமல் மூன்று தரம் வந்ததும் ஒரே கட்டத்தில் விழுந்தால் படிக்கிற மருத்துவருக்குப் பிரயோஜனமில்லை. ஓரத்தில் எழுதுங்கள்.

‘ஊனம்’, ‘மந்தம்’ போன்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. மரியாதைக் குறைவு என்பதோடு, பதிலும் பொய்யாகும். இன்னும் நடக்காத இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஊனம் இருக்கிறது என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். ‘மாற்றுத்திறனாளியா?’ என்று மரியாதையாகக் கேட்டாலும் அதே பதில்தான். அந்தச் சொல்லுக்கு அட்டை, சான்றிதழ், பஸ் பாஸ் என்று பொருள் ஏறிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுக்க 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 சதவீதம், என்று வந்ததைக் குறைவு என்று இத்துறையில் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெயரைக் கேட்டால் மறைப்பார்கள், செயலைக் கேட்டால் சொல்வார்கள். “தானா எழுந்து நிப்பானா? சுவர புடிச்சுக்கிட்டா, புடிக்காமயா?”

விரல் வேலைக்கு, கீழே கிடக்கிற பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கிறதா, உள்ளங்கையால் வழித்து எடுக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கையை மட்டுமே நீட்டுகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு வயது முடியும் முன்பே ‘இவன் இடது கைக்காரன்’ என்று வீட்டில் முடிவு செய்திருந்தால், வலது கையில் பலவீனம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பாவனை விளையாட்டுக்குச் சொப்புச் சாமான். வெறும் சொப்பில் காப்பி ஆற்றி உங்களுக்குக் கொடுக்கிறதா? அல்லது சொப்பை வரிசையாக அடுக்குவதோடு சரியா?

சுட்டிக்காட்டுதலில் பெரும் குழப்பம் உண்டு. “வேணும்னா காட்டுவானா?” என்றால் எல்லோரும் “காட்டுவானே” என்பார்கள். எப்படி என்று கேளுங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் கைப்பிடி மேல் வைப்பது காட்டுவதாகாது. தனக்கு வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பது ஒரு வகை. மொட்டை மாடியில் காக்காவையோ ஏரோப்பிளேனையோ விரலால் காட்டிவிட்டு, ‘நீயும் பார்த்தியா’ என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு வகை. எம்-சாட் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘காட்டுகிறதா’ என்று வந்துவிட்டால், அம்மா ஒரே பதிலை இரண்டு முறை சொல்வார்.

சைல்ட் ஃபங்ஷனிங் மாட்யூலில் பதில் அளவு நான்கு: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. இதில் கடைசி இரண்டுதான் கணக்கில் வரும். அடிப்பது, கடிப்பது பற்றிய கேள்வியில் மட்டும் ‘மற்ற பிள்ளைகளைவிட மிக அதிகம்’ என்றால்தான் எண்ண வேண்டும். ‘கொஞ்சம்’ என்பதையும் சேர்த்தால் எண்ணிக்கை ஊதிவிடும். சேட்டை செய்யாத இரண்டு வயது எங்கே இருக்கிறது? ஆனால் நம் ஊர்ப் பதில் இந்த நான்கிலும் அடங்காது. “பரவாயில்லைங்க” என்பார்கள். அது ‘சரியாக இருக்கிறான்’ என்பதாகவும் இருக்கலாம், ‘முன்பைவிடத் தேவலை’ என்பதாகவும் இருக்கலாம், ‘உங்களிடம் சொல்ல விருப்பமில்லை’ என்பதாகவும் இருக்கலாம். நீங்களாக ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் அதே வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் கேளுங்கள்: “மாடிப்படி ஏறுறதுல அவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் தெரியுதா? கொஞ்சமா, ரொம்பவா?” நான்கு தம்ளர் படம் வரைந்த அட்டையும் உதவும்: நிறைந்தது, முக்கால், கால், காலி.

கேள்வித்தாளில் இல்லாத ஒன்றை நீங்களே சேர்த்துக் கேட்க வேண்டும்: “முன்னாடி செஞ்சுட்டு இருந்து, இப்ப விட்டுட்டது ஏதாவது உண்டா?” அம்மா, தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிட்டது, நடந்துகொண்டிருந்தது தடுமாறுகிறது என்றால், மொத்தப் புள்ளி பூஜ்யமாக இருந்தாலும் உடனே அனுப்ப வேண்டும்.

தாய்க்கே தெரியாதவை

பெற்றோர் சொல்வதை நான் நம்புகிறேன். பேச்சிலும் நடையிலும் வலிப்பிலும் அம்மாவின் கவலை பெரும்பாலும் வீண்போகாது. ஆனால் எவ்வளவு நல்ல அம்மாவாக இருந்தாலும் கண்ணாலும் காதாலும் பிடிக்க முடியாத சில உண்டு. பத்துக் கேள்விகளைச் சோதித்தபோதே, அதுவரை யாரும் கண்டுபிடிக்காத பார்வைக் குறையும் காதுக் குறையும் அதில் நழுவிப்போவது தெரிந்துவிட்டது.

காதை எடுத்துக்கொள்ளுங்கள். “எவர்சில்வர் தட்டைத் தட்டினா திரும்புறான்” என்பது வீட்டுச் சோதனை. தட்டுச் சத்தம் மிகப் பெரியது. ஓரளவு காது மந்தமான பிள்ளைக்கும் அது கேட்கும். கதவை அறைந்தால் தரையதிர்வு தெரியும். அம்மா வாயசைத்தால் பார்த்தே புரிந்துகொள்ளும். ‘ச’, ‘ஸ’ மாதிரி மெல்லிய ஒலிகள்தான் அதற்கு எட்டாமல் போகும்; சொற்கள் பாதியாகத்தான் உள்ளே போகும். டி.வி.யை நிறுத்திவிட்டு, பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது, பார்க்காத பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அதிலும் தேறினால் காது நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளை இதில் தேறிவிடும். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது: பேச்சுத் தாமதம் என்று யார் சொன்னாலும், அம்மா “காது நல்லா கேக்குதுங்க” என்று சத்தியம் செய்தாலும், முதலில் பெரா பரிசோதனை, அதாவது சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று பாட்டி சொல்வதை மறுக்க வேண்டாம். “இருக்கட்டும்மா, காதை மட்டும் ஒரு தடவை பார்த்துடுவோம்” என்றால் போதும். அவசரம் ஏனென்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) 6 வயதுக்குள்தான். மொழி படியும் காலமோ அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

கண்ணிலும் அப்படியே. ஒரு கண் மங்கி மற்றது நன்றாக இருந்தால் பிள்ளை தடுமாறாது, யாருக்கும் தெரியாது. ஒரு கண்ணைக் கையால் மறைக்கும்போது சும்மா இருந்து, மற்றதை மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால் கவனிக்க வேண்டும். செல்போன் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னுகிறது என்று யாராவது சொன்னால் கேள்வித்தாளை மூடிவிடுங்கள். அது கண்ணுக்குள் வரும் புற்றாகவும் இருக்கலாம். அந்த வாரமே எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போல விழித்திரை பார்க்கிற இடத்துக்குப் போயாக வேண்டும்.

எண்ணிக்கை விஷயம்

வேலைக்குக் கிளம்புமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1000 பிள்ளைகள், அதில் 50 பேருக்கு உண்மையில் குறை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாள் குறையுள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், குறையில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விடும் என்றும் வைத்துக்கொள்வோம். 40 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் நழுவுவார்கள். மீதி 950-இல் 95 பேர் வீணாக மாட்டுவார்கள். ஆக 135 பேரை அனுப்புகிறீர்கள்; அதில் 40 பேருக்குத்தான் குறை. ‘உங்க பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கு’ என்று வாசலில் நின்று சொன்னால் மூன்றில் இரண்டு வீட்டுக்குப் பொய் சொன்னதாக ஆகும். சொல்ல வேண்டிய வாக்கியம்: “இன்னும் கொஞ்சம் விவரமா பார்க்கணும்மா. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்.” தேறிய வீட்டில் ‘ஒன்றுமில்லை’ என்றும் சொல்லாதீர்கள். நழுவிய அந்த 10 பேர் அங்கேதான் இருக்கிறார்கள். “பின்னாடி கவலை வந்தா வாங்க” என்று சொல்லுங்கள்.

யாரிடம், எப்போது? கண்ணகி நகர், பெரும்பாக்கம், வியாசர்பாடி மாதிரி இடங்களில் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் இருக்க மாட்டார்கள். பதினொரு மணிக்குப் போனால் ஆயாவோ (பாட்டியோ) பத்து வயது அக்காவோதான் பதில் சொல்வார்கள். ஆயா பிள்ளையைப் பகலெல்லாம் பார்ப்பவர், அவர் பதில் மட்டமல்ல. பிறந்தபோது அழுததா, இன்குபேட்டரில் இருந்ததா என்பதெல்லாம் மட்டும் அம்மாவிடம் மறுபடி கேட்க வேண்டும். யார் சொன்னது என்று தாளில் எழுதுங்கள். மாலை நாலு மணிக்கு மேல், அல்லது ஞாயிறு. வடசென்னையில் தெலுங்கு, திருவல்லிக்கேணியில் உருது, கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஹிந்தியும் ஒடியாவும் தேவைப்படும். மேஸ்திரியை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். முதலாளியின் ஆள் முன்னால் எந்த அம்மாவும் குறை சொல்ல மாட்டார். குடித்தன வீடுகளில் நீங்கள் உட்கார்ந்ததுமே நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். எடையும் உயரமும் வாசலில் எடுங்கள்; கேள்விகளை உள்ளே போய்க் கேளுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் ‘குடிக்கத் தண்ணி தரீங்களாம்மா’ என்பது பழைய உத்தி. இன்னும் வேலை செய்கிறது.

அனுப்ப இடமில்லாமல் கணக்கெடுக்காதீர்கள். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இருமுறை மருத்துவக் குழு பார்க்கிறது. பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் உட்படப் பல நிலைகள் அதில் உண்டு. அங்கிருந்து, குறையைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தொடங்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு வழி இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனமும் இருக்கின்றன. சீட்டில் வெறும் ‘மேல் சிகிச்சைக்கு’ என்று எழுதினால் பாதிப் பேர் போக மாட்டார்கள். எந்தக் கட்டடம், எந்த அறை, எந்தக் கிழமை, எந்தப் பஸ், என்ன காகிதம் என்று எழுதி, பத்து நாளில் போன் செய்து போனார்களா என்று கேட்பதற்கு ஓர் ஆளை முதலிலேயே வைத்துவிடுங்கள். போனால் ‘ஊனமுற்றோர் அட்டை’ போட்டுவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. கேட்டு விண்ணப்பித்தால்தான் அந்த அட்டை வரும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, தாளின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு வெற்றிடம் இருக்கும். அங்கே ‘காது கேளாமை சந்தேகம்’ என்று உங்கள் மொழியில் எழுதாதீர்கள். “பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சா அடுத்த ரூம்ல இருந்து ஓடி வரான், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதே இல்லை” என்று அம்மா சொன்னாரா, அதை அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்கிற மருத்துவர் காதுப் பரிசோதனைக்கும் எழுதுவார். காதோடு நிறுத்தாமல் ஆட்டிசம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்.